இடப்பக்கம் இழுக்கும் வண்டி

பர்வதி, புனே
3 அக்டோபர் 2023

பிரல்ஹாதுக்கு,

சாத்தாராவின் பட்டறைத் தெருவில் செவியுள்ளோர் அனைவரும் கேளுங்கள்! உங்கள் நடுவே ஒருவன் இருக்கிறான். நாற்பத்தொரு வயது. பிரித்துப் போட்ட எந்த வண்டியையும் கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டத் தெரிந்தவன். அவனுடைய ஒரே அக்காள் மகள் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் போகிறாள். வந்து ஒருமுறை தொட்டுப் பார் மாமா என்று கெஞ்சுகிறாள். அவனோ நாள்காட்டியைக் காட்டி, முன்னோருக்குச் சோறு வைக்கும் பட்சம் முடியட்டும் என்கிறான்! இது நியாயமா?

சிரிக்காதே. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காக இருபது ஆண்டுகள் மேடையேறியவள் வேறு எப்படித் தொடங்குவாள்? தொலைபேசியில் அழைத்தால் நீ எடுப்பதில்லை. மூன்று ஆண்டுக்கு முன் அப்பாவின் திதியன்று புரோகிதர் முன்னால் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பேச்சுல உன்ன ஜெயிக்க முடியாது அக்கா. எழுது, படிக்கிறேன். பேசினா கேக்க மாட்டேன்." ஆகவே எழுதுகிறேன்.

கேதகிக்கு ஹடப்சரில் சிறுநீரக மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். இரண்டு பேருந்து மாற வேண்டும். முதல் நிறுத்தத்தில் நாலே முக்கால் மணிக்கு ஒருவன் நாள் தவறாமல் அவள் பக்கத்தில் வந்து நிற்கிறான். ஒன்றும் செய்வதில்லை. நிற்கிறான், அவ்வளவுதான். அவ்வளவே போதாதா? எனக்கு ஸ்கூட்டர் ஆசை கிடையாது. என் மகள் அந்த நிறுத்தத்தில் நிற்கக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவள் நான் என்று எண்ணாதே. பதினோரு நாளாக இணையத்தில் தேடினேன். நாற்பது விளம்பரங்களைப் பார்த்து முப்பத்தொன்பதைத் தள்ளினேன். பழைய வண்டியில் ஏமாறாதிருப்பது எப்படி என்று இந்தியில் பாடம் நடத்துகிறவனின் காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். பதிவெண்ணைப் போட்டு ஆராய்ந்தேன்: கடன் இல்லை, அபராதம் இல்லை, காப்பீடு உயிரோடு இருக்கிறது. படங்களைப் பெரிதாக்கி, கால் வைக்கும் இடத்தின் ரப்பர் தேய்மானமும் ஓடிய தூரக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்றுகூடப் பார்த்தேன். குறிப்பேட்டில் பதினாறு கேள்விகள் எழுதி வைத்தேன். அத்தனைக்கும் இந்த வண்டி தேறிவிட்டது. "பெண் ஓட்டியது, கீறல் இல்லை" என்று விளம்பரம் சொல்கிறது.

விலையும் கைக்கு எட்டுகிறது. விற்கிறவனே காரணம் சொன்னான். "பட்சத்துல எவன் மேடம் வண்டி வாங்குவான்? நவராத்திரி பொறக்கட்டும், இதே வண்டிக்கு ஆறாயிரம் ஏத்திச் சொல்லுவேன். அப்பவும் வரிசையில நிப்பாங்க."

பார்த்தாயா? ஊரின் அச்சம் ஒரு ஏழைக்கு உதவும் நாள் ஆண்டில் பதினைந்துதான். சனிக்கிழமைக்குள் வா.

உன் அக்கா,
தாரா


சாத்தாரா
6 அக்டோபர் 2023

அக்காவுக்கு,

கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். முதல் பத்தியைப் பக்கத்துக் கடை ஷேக் பாய் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். "உங்க அக்கா கூட்டமே இல்லாமக் கூட்டம் நடத்துறாங்கப்பா" என்றார்.

நான் வர முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பதினைந்து நாள் அப்பா ஸ்பேனரைத் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. பட்டறையில் உட்கார்ந்திருப்பேன், வேலை செய்ய மாட்டேன். உனக்கு இது மூடத்தனம். எனக்கு இது அப்பா. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

பதினைந்தாம் தேதி முதல் பேருந்தில் ஏறி வருகிறேன். அதுவரை பொறு. ஆறாயிரம் ஏறினால் அதை நான் போடுகிறேன்.

உன் பதினாறு கேள்வியும் சரிதான். ஆனால் அவை எல்லாம் திரையில் பார்த்துக் கேட்கிற கேள்விகள். எனக்கு ஒன்றுதான் உண்டு, பதினேழாவது என்று வைத்துக்கொள். காலி ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஹேண்டிலை விட்டுக் கையை அரை விரல் தூக்கினால் வண்டி எந்தப் பக்கம் போகிறது? நேராகப் போனால் நல்லது. ஒரு பக்கம் இழுத்தால் முன்பக்க மூடியைக் கழற்றி, ஹேண்டில் வந்து சேர்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். அதை நாங்கள் கழுத்து என்போம். அடிபட்ட வண்டியை நிமிர்த்தி, கழுத்தில் வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் எந்தப் படத்திலும் தெரியாது. விரலால் தடவினால் தெரியும்.

அக்கா, நீ மந்திரியைக்கூட மடக்கிவிடுவாய். வண்டியை மடக்க முடியாது. அதற்குக் காது இல்லை, கழுத்துதான் இருக்கிறது.

பொறுக்க முடியாவிட்டால் வாங்காதே.

பிரல்ஹாத்


புனே
9 அக்டோபர் 2023

அன்புள்ள பிடிவாதக்காரனுக்கு,

வாங்கிவிட்டோம்!

பொறுத்துத்தான் இருந்திருப்பேன். ஆனால் சனிக்கிழமை விடிகாலை அந்த நிறுத்தத்துக்காரன் அவளிடம் முதன்முறையாக வாய் திறந்திருக்கிறான். "தினமும் தனியாத்தான் போறியா?" என்று கேட்டானாம். அதற்குப் பிறகு உன் பட்சம் முடிகிற வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. மறுநாளே போய்ப் பேசி முடித்தோம்.

உன் பதினேழாவது கேள்வியையும் நான் புறக்கணிக்கவில்லை. விற்கிறவன் ஓட்டிக் காட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தேன். கோடு போட்டாற்போல் நேராகப் போயிற்று. கையை விட்டு ஓட்டச் சொன்னபோது, "எதுக்கு மேடம், சர்க்கஸ்ல சேர்க்கப் போறீங்களா?" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

எங்கள் குடியிருப்பின் வாசலில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சகுபாய் ஓடிவந்து வாயில் கைவைத்தாள். "பட்சத்துலயா தாரா வண்டி எடுத்தே? செத்துப் போனவங்க எல்லாம் பின் சீட்டுல ஏறி உக்காந்துப்பாங்கடி!"

"உக்காரட்டும். அந்த நேரத்துல எம் பொண்ணுக்குத் துணையாச்சு" என்றேன். கூட்டமே சிரித்தது. கேதகி மட்டும் வண்டியின் பின் இருக்கையை லேசாகத் தட்டி, "தாத்தா, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றாள். அப்பாவைத்தான் சொன்னாள். என் கண் ஏன் கலங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு கண் மட்டும் தெரிய அவள் கிளம்புகிற அழகைப் பார்க்க வேண்டும். தசராவுக்கு ஹேண்டிலில் சாமந்தி மாலை போடப் போகிறாளாம். போடட்டும், பூவுக்கு நான் எதிரியல்ல. தீபாவளி முடிந்ததும், உடன்பிறந்தோர் திருநாளான பாவுபீஜ் அன்று, அவளே என்னைப் பின்னால் உட்காரவைத்துச் சாத்தாராவுக்கு ஓட்டி வரப்போகிறாளாம். உனக்கு ஆரத்தி எடுக்க நான் வருவதாக இருந்தால் கதவைத் திறப்பாயா?

தாரா


சாத்தாரா
21 நவம்பர் 2023

அக்கா,

நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். படித்த பிறகு என்னைத் திட்டு. அதற்குமுன் கிழித்துவிடாதே.

ஓங்காரேஷ்வர் படித்துறையில் பத்தாம் நாள் காரியத்தில் நீ எங்களோடு சேராமல் தூரத்தில் அரசமரத்தடியில் நின்றிருந்தாய். நான் சோற்றுருண்டையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காக்கைகள் மரத்தில் இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. முக்கால் மணி நேரம். எல்லோருக்கும் தெரியும், போனவர் மனத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். "அம்மாவைப் பாத்துக்குறோம் கண்ணு." "உன் தோழி கல்யாணத்தை நாங்க நடத்துறோம்." ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது நான் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "உன் வண்டியை மாமா பாக்குறேன் கேதகி" என்றேன்.

காக்கை இறங்கிவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அக்டோபர் இருபத்தாறாம் தேதி, தசரா முடிந்து இரண்டாம் நாள், அவள் எனக்குக் கைப்பேசியில் குரல் அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். "மாமா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நீங்க சொன்ன மாதிரி கையை அரை விரல் தூக்கிப் பாத்தேன். இடது பக்கம் இழுக்குது. லேசாத்தான். அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க. சொன்னா உங்ககிட்டத் தோத்துட்ட மாதிரி ஆயிடுவா, பாவம். நீங்களே ஒரு நாள் சும்மா வர்ற மாதிரி வந்து பாருங்களேன்."

நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அக்கா, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார், நான் சொன்னது நடந்துவிட்டது என்று. அவள் கூப்பிட்டால் போதாது, நீ கூப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மறுநாள் "காத்து சரியா இருக்கான்னு பாரு" என்று நான்கு சொல் அனுப்பினேன். பட்சம் முடிந்திருந்தது. ஸ்பேனர் கையில்தான் இருந்தது. பேருந்து மூன்று மணி நேரம்.

அதன்பின் அவளுக்குப் பதிமூன்று நாள்.

காவல் நிலைய முற்றத்தில் வண்டியைப் பார்த்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கழுத்து விட்டுப் போயிருக்கிறது. பழைய வெல்டிங். மேலே புதுப் பெயின்ட். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

பட்சத்தில் வாங்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று உன் தெருவில் பேசுகிறார்கள். என் வீட்டிலும் பேசுகிறார்கள். நான் பட்சத்தை நம்புகிறவன், நான் சொல்கிறேன்: அது பொய். முன்னோர் யாரும் அவளைத் தள்ளவில்லை. ஒருவன் வெல்டிங் வைத்தான், ஒருவன் மறைத்தான், ஒருவன் வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அவள் குரல் அதற்குள் இருக்கிறது. இனி வேறு கைப்பேசி வாங்க மாட்டேன். எதுவானாலும் எழுது.

பிரல்ஹாத்


புனே
4 டிசம்பர் 2023

பிரல்ஹாத்,

படித்தேன்.

அவள் எனக்காக மறைத்தாள் என்பதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியது சரிதான். ஆனாலும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

காவல் நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வண்டியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவன் கூடவே நின்றான். "நான் ஒடச்சுப் போட்டுடறேன் அம்மா, நீங்க பாக்கக்கூட வேணாம்" என்றான். அவன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. பதினாறு கேள்வி கேட்டவள் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மேடையேறி, "தோழிகளே" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. இறங்கிவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதே.

தாரா


சாத்தாரா
20 ஆகஸ்ட் 2024

அக்கா,

எழுதாதே என்றாய். எட்டு மாதம் எழுதவில்லை. நேற்று ராக்கி. தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே, "இந்த வருஷமும் புனேயிலிருந்து ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கே வருத்தமாக இருந்தது போல.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். செப்டம்பரில் பட்சம் வருகிறது. அவள் போனபின் வருகிற முதல் பட்சம். அப்பா, அம்மா பெயரோடு அவள் பெயரையும் சொல்லி ஒரு பிடி சோறு வைக்கலாமா? உனக்கு நம்பிக்கை இல்லை என்று தெரியும். ஆனால் அவள் உன் மகள். நீ வேண்டாம் என்றால் வைக்க மாட்டேன்.

பட்டறைக்கு யார் எந்த வேலைக்கு வந்தாலும் முதலில் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். பஞ்சருக்கு வந்தவனும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. "காத்து அடிக்க வந்தவனுக்கு ஏன்யா வைத்தியம் பாக்குறே?" என்று ஷேக் பாய் கேலி செய்கிறார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொள்கிறார்.

பிரல்ஹாத்


புனே
26 செப்டம்பர் 2024, வியாழன் காலை

தம்பி,

இக்கடிதத்தை அஞ்சலில் சேர்க்கவில்லை. ஸ்வார்கேட் நிலையத்தில் சாத்தாரா பேருந்தின் நடத்துநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன்னிடம் கைப்பேசி இல்லை. ஷேக் பாயின் எண்ணும் எனக்குத் தெரியாது. நண்பகலுக்குள் உன் கையில் இருக்கும். நின்றுகொண்டே படி.

அந்த வண்டி உயிரோடு இருக்கிறது.

நான் நாள்தோறும் அதே வலைத்தளத்தைத் திறந்து பார்க்கிறேன். ஏன் என்று கேட்காதே. சென்ற ஆண்டு அவளும் நானும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து பார்த்த பக்கம் அது. "அம்மா, இது வேணாம், கலர் கண்றாவி." "அம்மா, இவன் கண்ணாடியை மறைச்சுப் படம் எடுத்திருக்கான், திருடன்." அந்தக் குரலுக்காகத் திறக்கிறேன். நேற்று காலை திறந்தபோது அது இருந்தது. கறுப்பு நிறம் நீலமாகியிருக்கிறது. பதிவெண்ணை மாற்றவில்லை. ஆராய்ந்தேன். உரிமையாளர் பெயரை இப்போதெல்லாம் முழுதாகக் காட்டுவதில்லை. "கே" என்று ஓரெழுத்து. அதன்பின் வரிசையாக விண்மீன் குறிகள். பிரல்ஹாத், அரசின் ஏட்டில் என் மகள் இன்னும் வண்டி வைத்திருக்கிறாள்.

"பெண் ஓட்டிய வண்டி. கொஞ்ச நாளே ஓடியது" என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு பொய் சொல்லி விற்றார்கள். இம்முறை இரண்டு வாக்கியங்களும் உண்மை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கீழே இன்னொரு வரி: "பட்சம் முடிவதற்குள் எடுத்தால் விலை குறைவு."

விற்கிறவனை அழைத்தேன். "கழுத்தைக் கழட்டிக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். "யாரு நீங்க, மெக்கானிக்கா? வண்டி வேணுமா வேணாமா?" என்றான். "அந்த வண்டி எம் பொண்ணோடது" என்றேன். வைத்துவிட்டான். பிறகு என் எண்ணிலிருந்து போகும் அழைப்பு அவனைச் சேரவில்லை. காவல் நிலையத்துக்கு ஓடினேன். "விளம்பரம் எந்த ஊரு? சாத்தாராவா? அங்க போய் எழுதிக் குடுங்க அம்மா" என்றார்கள்.

ஆம், சாத்தாரா. போவை நாக்கா சந்திப்பை ஒட்டிய வண்டிச் சந்தை. உன் பட்டறையிலிருந்து அரை மணி நடை.

இன்னும் கேள். விளம்பரத்தின் கீழே ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: "அண்ணா, வெள்ளிக்கிழமை அம்மாவோட வந்து பாக்கலாமா? கல்லூரி போக வேணும். ஆர்சி, காப்பீடு எல்லாம் இணையத்துல பாத்துட்டேன், சரியா இருக்கு." எல்லாம் பார்த்துவிட்டாளாம். என் பதினாறு கேள்விகளையும் அவள் அம்மா இந்நேரம் எங்கோ ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். பதினேழாவதைச் சொல்ல அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறானோ இல்லையோ, யார் கண்டது?

அவளுக்கு எச்சரிக்கை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் என் வரிகளை அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தார்கள். இருபது ஆண்டுகள் பேசியவள் நான். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு பெண்ணின் காதில் சேர்க்க என்னால் முடியவில்லை.

இன்று உன் பட்சம். உன் கை கருவியைத் தொடாத நாள். எனக்குத் தெரியும். சோறு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய், பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நேற்று விளம்பரத்தைப் பார்த்த பிறகு நானே மாடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்தேன். அவளுக்குப் பிடித்த சாதமும் பருப்பும், மேலே நெய்யும். சகுபாய் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். நின்று நின்று பார்த்தேன். ஒரு காக்கையும் வரவில்லை. பசியில்லாத காக்கைகள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்தப் படித்துறையில் காக்கை ஏன் இறங்கியது என்று நாம் வாதிட வேண்டாம். நான் காக்கையை நம்புகிறவள் அல்ல. ஆனால் நீ சொன்ன சொல்லை நம்புகிறேன். "உன் வண்டியை மாமா பாக்குறேன்" என்றாய். இறந்தவளுக்குக் கொடுத்த வாக்கு. கடன் தீரவில்லை. வண்டி உன் ஊருக்கே வந்து நிற்கிறது.

சென்ற ஆண்டு நான் உன்னைக் கேலி செய்து அழைத்தேன். நீ வரவில்லை. பிறகு அவள் அன்பாய் அழைத்தாள். அப்போதும் நீ வரவில்லை. நான் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்ததாக எழுதினாய். இதோ, கூப்பிடுகிறேன். தோற்றுவிட்டேன், தம்பி. உன்னிடம் முழுதாய்த் தோற்றுவிட்டேன். அவள் பயந்ததெல்லாம் இதற்குத்தான்; இதோ நடந்துவிட்டது, வானம் இடிந்து விழவில்லை.

வண்டியின் தாள்களை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் நான் கிளம்பி வருகிறேன். எனக்காகக் காத்திராதே. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் போகிற வழியில் கேள். பெட்டியைத் திற. ஸ்பேனரை எடு. ஷேக் பாயையும் கூட்டிக்கொள். சந்தையின் நடுவில், நூறு பேர் பார்க்க, அந்த நீல மூடியைக் கழற்று. உன் சுண்டுவிரலை வைத்துக் காட்டு. காட்டிவிட்டுக் கழுத்தை இரண்டாக அறு. தடுத்தால் சத்தம் போடு. சத்தம் போட வராதென்றால் நான் வந்து சேரும் வரை வண்டியின் குறுக்கே படு.

படித்து முடித்தாயா? கடிதத்தை மடிக்காதே. கீழே போட்டுவிட்டு ஓடு.

தாரா அக்கா